கரண்ட் இல்லாத கேம்ப்கிரவுண்டில் இரண்டு ராத்திரி

மிச்சிகனில் டெட்ராய்ட் பக்கம் நோவை, டிராய், கேன்டன் என்று குடியிருக்கும் நம்மவர்களுக்குக் கேம்பிங் என்றால், ஆறு மாதம் முன்பே ஆன்லைனில் பிடித்துவைக்கும் ஸ்டேட் பார்க்தான். கரண்ட், ஷவர், பக்கத்துக் கூடாரத்தில் ஸ்பீக்கர். நான் சொல்லப்போவது வேறு. ஐ-75 ஹைவேயில் வடக்கே மூன்று மணி நேரம் ஓட்டினால் கிரேலிங், மியோ பக்கம் பைன் காட்டுக்குள் ஸ்டேட் ஃபாரஸ்ட் கேம்ப்கிரவுண்டுகள் இருக்கின்றன. கூடாரம் போடும் ஒவ்வொரு சைட்டிலும் ஒரு மேஜை, ஓர் இரும்பு நெருப்பு வளையம். எல்லோருக்கும் பொதுவாக ஓர் அடிபம்பு, ஃப்ளஷ் இல்லாத வால்ட் டாய்லெட். இந்த நான்கை வைத்துத்தான் திட்டம் போட வேண்டும்.

இங்கே பெரும்பாலும் முதலில் வருபவருக்கே இடம். முடிந்தால் வியாழக்கிழமை மதியமே போய்விடுங்கள். மெமோரியல் டே, ஜூலை நாலு, லேபர் டே விடுமுறை வாரங்களைத் தொடவே வேண்டாம். வாசலில் ஒரு போர்டும் அதில் காகித உறைகளும் இருக்கும். சைட்டைப் பார்த்து முடிவு செய்துவிட்டு, உறையில் கார் நம்பரை எழுதி, பணத்தைப் போட்டு, இரும்புக் குழாய்க்குள் தள்ளிவிட்டு, கிழித்த துண்டைச் சைட் கம்பத்தில் மாட்டுவதுதான் வழக்கம். மீதி கொடுக்க ஆள் கிடையாது. சில்லறை நோட்டாக எடுத்துப் போங்கள். பேனாவும்! காரின் நம்பர் பிளேட் ஸ்டிக்கரில் ‘பி’ எழுத்து இருந்தால் ரிக்ரியேஷன் பாஸ்போர்ட், அதாவது இந்த இடங்களுக்குள் காரை விடும் அனுமதி, எடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். இல்லையென்றால் கிளம்புமுன் எடுத்துவிடுங்கள். பல இடங்களில் சிக்னல் இருக்காது, மேப்பை முன்கூட்டியே டவுன்லோட் செய்துகொள்ளுங்கள்.

சைட் பிடிக்கும்போது முதலில் தலைக்கு மேலே பாருங்கள். பட்ட மரம், ஒடிந்து தொங்கும் கிளை இருந்தால் எவ்வளவு அழகான இடமானாலும் வேண்டாம். அப்புறம் கீழே: மழைத் தண்ணீர் வந்து தேங்கும் பள்ளமா? ஏரியை ஒட்டிய சைட்டுக்கு எல்லோரும் ஓடுவார்கள். கொசுவும் அங்கேதான். காற்று வரும் மேட்டு இடம்தான் என் கட்சி. இந்தப் பக்கம் முழுக்க மணல் பூமி, கூடாரத்தோடு வரும் மெல்லிய முளைகள் காற்றடித்தால் பிடுங்கிக்கொண்டு வந்துவிடும். நீளமான, அகலமான மணல் முளைகளாக வாங்குங்கள். அடியில் விரிக்கும் தார்ப்பாய் கூடாரத்தைவிடப் பெரிதாக இருந்தால் ஓரத்தை உள்ளே மடித்துவிடுங்கள். வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் மழைத் தண்ணீரைப் பிடித்து அடியில் கொண்டுவந்து சேர்க்கும்.

ஜூலையிலும் ராத்திரி ஸ்வெட்டர் கேட்கும். குளிர் மேலேயிருந்து வருவதைவிடத் தரையிலிருந்துதான் அதிகம் ஏறும். வெறும் காற்று மெத்தை போதாது. அதன்மேல் ஒரு தடித்த ஜமக்காளம் விரித்துப் படுங்கள்.

ஊரிலிருந்து அப்பா அம்மா வந்திருக்கும் கோடைதான் இதற்குச் சரியான சமயம். “இதுக்கா இவ்வளவு பணம் குடுத்து அமெரிக்கா வந்தோம்?” என்று அம்மா கேட்பார், கேட்கட்டும். மடக்குக் கட்டில் ஒன்று எடுத்துப் போனால் முட்டிவலிக்காரர்கள் தரையிலிருந்து எழும் பாடு மிச்சம். அடிபம்பை என் அப்பாவிடமே விட்டுவிட்டேன். கொஞ்ச நேரம் வெறுமனே அடிக்க வேண்டும். முதலில் வரும் கலங்கல் போய், பல் கூசும் அளவுக்குச் சில்லென்று வந்த பிறகுதான் குடத்தை வைப்பார். பேரன் கைப்பிடியில் தொங்கிக்கொண்டே அடிப்பான். சில இடத்துத் தண்ணீரில் இரும்பு அதிகம். டீத்தூள் போட்டதும் கறுத்துவிடும். டீ, காபிக்கு மட்டும் வீட்டிலிருந்து ஒரு கேன் தண்ணீர் எடுத்துப் போங்கள். பம்படியில் பாத்திரம் கழுவாதீர்கள், சைட்டுக்குக் கொண்டுவந்து கழுவுங்கள்.

டாய்லெட்டில் குழாய் கிடையாது. ஒரு பிளாஸ்டிக் மக்கும் தண்ணீர் பாட்டிலும் கையோடு இருக்கட்டும். இதை யாரும் சொல்லித் தருவதில்லை. வெட் வைப்ஸை உள்ளே போடாதீர்கள், கழிவை உறிஞ்ச வரும் லாரியின் குழாயில் போய் அடைத்துக்கொள்ளும்.

சாப்பாட்டுக்கு முதல் ராத்திரி வீட்டில் கிளறிய புளியோதரை, சுட்ட அப்பளம். மறுநாள் காஸ் அடுப்பில் ரவா உப்புமா, மதியம் பருப்புப் பொடி சாதம். ஐஸ் பெட்டியில் ஐஸ்கட்டிக்குப் பதில் தண்ணீர் பாட்டில்களை உறையவைத்துப் போடுங்கள். உருக நேரமாகும், உருகினால் குடிக்கலாம். குக்கர் மட்டும் வேண்டாம். அந்த அமைதியில் மூன்றாவது விசிலுக்கு ஏரியின் அக்கரையில் மீன் பிடிப்பவர் திரும்பிப் பார்ப்பார். சாப்பிட்டதும் எல்லா உணவையும் காருக்குள் பூட்டுங்கள். ரக்கூன் ஐஸ் பெட்டியைத் திறக்கும், கரடியும் இந்தப் பக்கம் உண்டு.

ஜூன் கடைசியில் சூரியன் மறையவே ஒன்பதரை ஆகும். பத்து மணிக்குச் சத்தம் அடங்க வேண்டும் என்பது விதி. வெளிச்சம் மிச்சம் இருக்கும்போது பிள்ளைகளைப் படுக்கவைப்பது லேசில்லை, மத்தியானம் ஏரியில் நன்றாக ஆடவிடுங்கள். சாயங்காலம் முழங்காலுக்குப் பின்னால், இடுப்பு, தலைமுடி என்று உண்ணி ஏறியிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். கொசுவும் கறுப்பு ஈயும் தாங்காது என்பவர்கள் செப்டம்பரில் போகலாம்.

விறகு விஷயத்தில் நான் கறார். வீட்டுக் கொல்லையில் கிடக்கும் கட்டையைக் காரில் ஏற்றாதீர்கள். ஆஷ் மரங்களை அழித்த மரகதப் பச்சை வண்டு இந்த நாட்டில் முதலில் அடையாளம் காணப்பட்டது 2002இல், நம் டெட்ராய்ட் பக்கத்தில்தான். ஊர் ஊராகப் பரவியதில் விறகுக் கட்டைக்குப் பெரிய பங்கு உண்டு. கேம்ப்கிரவுண்டுக்குப் பக்கத்திலேயே கட்டு கட்டாக விற்பார்கள், அங்கே வாங்குங்கள்.

நெருப்பை அணைப்பதும் ஒரு வேலை. மணல் நிறைய இருக்கிறதே என்று அள்ளி மூடிவிட்டுப் போகாதீர்கள், அடியில் கங்கு மணிக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாளித் தண்ணீரை ஊற்றி, குச்சியால் கிளறி, திரும்ப ஊற்றி, புறங்கையைக் கிட்டே கொண்டுபோய்ப் பாருங்கள். சூடு தெரிந்தால் இன்னொரு வாளி. 2023 ஜூனில் கிரேலிங் பக்கத்தில் ஒரு தனியார் நிலத்து கேம்ப்ஃபயரிலிருந்து கிளம்பிய தீ 2,400 ஏக்கர்வரை எரித்தது. ஜாக் பைன் காடு காய்ந்திருந்தால் ஒரு பொறி போதும்.

குப்பைத் தொட்டி இல்லாத இடங்கள் உண்டு, இரண்டு பெரிய பைகளில் கட்டிக் காரிலேயே கொண்டுவாருங்கள். வீட்டுக்கு வந்ததும் அலுப்பில் கூடாரத்தை மடித்தபடியே மூலையில் வைக்காதீர்கள். பனி ஈரம் இருக்கும், பூஞ்சை பிடித்துவிடும். கராஜில் விரித்துப் போட்டு, ஜிப்பில் இருக்கும் மணலைத் தட்டிவிட்டு, நன்றாகக் காய்ந்த பிறகு மடியுங்கள்.