படித்து முடித்த குமரிப் பெண்ணே, கையெழுத்துப் போடுவதற்கு முன்

எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்தில் பெண்பிள்ளையைப் படிக்க வைக்க யாரும் தயங்குவதில்லை. 2011 கணக்கெடுப்பில் எழுத்தறிவில் தமிழ்நாட்டிலேயே முதலிடம், 91.75 சதவீதம். சிக்கல் பட்டம் வாங்கின பிறகுதான். பி.இ. முடித்த பையனிடம் "வேலை எங்கே?" என்று கேட்கும் அதே மாமா, பெண்ணிடம் "கல்யாணம் எப்போ?" என்பார். அதனால் வேலைக்குப் போகும் ஆசையை வீட்டில் சொல்வதற்கு முன் சில வேலைகளைச் சத்தமில்லாமல் முடித்து வையுங்கள்.

முதலில் சான்றிதழ்கள். அசல் எல்லாம் அப்பாவின் பீரோவில் இருந்தால் ஒருநாள் இன்டர்வியூவுக்குக்கூட நாலு பேருக்கு விளக்கம் சொல்ல வேண்டியிருக்கும். உங்கள் பையில் வையுங்கள், ஸ்கேன் செய்து அரசின் டிஜிலாக்கர் செயலியிலும் போட்டுவிடுங்கள். வங்கிக் கணக்கும் அப்படித்தான்: பாஸ்புக்கில் உங்கள் பெயர் இருந்து, ஓடிபி மட்டும் அண்ணன் போனுக்குப் போனால் அது அண்ணன் கணக்கு.

அப்புறம் வீட்டில் பேசுவது. "வேலைக்குப் போகட்டுமா?" என்று கேட்காதீர்கள், அந்தக் கேள்விக்கு ஊரில் ஒரே பதில்தான் உண்டு. சம்பளம் இவ்வளவு, போகும் வழி இது, திரும்பும் நேரம் இது, திருவனந்தபுரம் டெக்னோபார்க் என்றால் நாகர்கோவிலிலோ இரணியலிலோ குழித்துறையிலோ ஏற சீசன் டிக்கெட் எடுக்கலாம், இல்லையென்றால் இந்த ஹாஸ்டல் என்று கணக்கோடு போய் உட்காருங்கள். உள்ளூர் வேலை என்றால் சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்குக் காசு கிடையாது. ஆனால் பஸ் இறக்கிவிடும் முக்கிலிருந்து வீடு வரைக்கும் இருட்டில் ரப்பர் தோட்டத்து வழி நடக்க வேண்டுமே, அதற்கு யார் பதில் சொல்வது? ஷிஃப்ட்டைக் கேட்கும்போதே திரும்பும் வழியையும் கேட்டு வாங்குங்கள்.

வேலையிடத்தில் பாலியல் தொல்லை என்றால்: பத்து பேரோ அதற்கு மேலோ இருக்கும் இடத்தில் புகாரை விசாரிக்க உள்ளகக் குழு இருந்தாக வேண்டும், அதற்குக் குறைவான கடை, ஆபீஸ் என்றால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. மூன்று மாதத்துக்குள் எழுத்தில் கொடுங்கள். அவசரத்துக்குப் பெண்கள் உதவி எண் 181.

சரி, இனி முக்கியமானது. கல்யாணமாகிச் சில வருடம் கழித்து அண்ணனோ தம்பியோ ஒருநாள் பிரியமாகக் கூப்பிடுவார். "ஒண்ணுமில்ல மக்ளே, சார்பதிவாளர் ஆபீஸ்ல ஒரு கையெழுத்து." அதன் பெயர் விடுதலைப் பத்திரம். போட்டால் குடும்பச் சொத்தில் உங்கள் பங்கு அவருக்குப் போய்விடும். "நகையும் ரொக்கமும் கொடுத்தோமே" என்பார்கள். வரதட்சணை கொடுப்பதே 1961 சட்டப்படி குற்றம், அதைக் காட்டிப் பங்கைக் கழிக்க முடியாது. இந்துக் குடும்பம் என்றால் வாரிசுரிமைச் சட்டத்தின் 2005 திருத்தம் மகளுக்கும் பூர்வீகச் சொத்தில் சம உரிமை தந்திருக்கிறது. கிறிஸ்தவக் குடும்பங்களில், நம் ஊர் முன்பு இருந்த திருவிதாங்கூர் சமஸ்தானத்தின் பழைய சட்டம் மகளுக்கு மகன் பங்கில் கால்வாசி அல்லது 5000 ரூபாய், எது குறைவோ அதை மட்டும் தந்தது. மேரி ராய் என்ற கேரளக் கிறிஸ்தவப் பெண் போட்ட வழக்கில் 1986-இல் உச்ச நீதிமன்றம் அந்தச் சட்டம் இனி இல்லை, மகனுக்கும் மகளுக்கும் சமம் என்று சொல்லிவிட்டது, ஆனாலும் நம் ஊரில் பல பெரியவர்கள் இன்னும் அந்தக் கால்வாசிக் கணக்கிலேயே இருக்கிறார்கள். இஸ்லாமியக் குடும்பங்களில் மகளுக்கு மகன் பங்கில் பாதி. இந்து, கிறிஸ்தவக் குடும்பங்களில் அப்பா தன் சம்பாத்தியத்துக்கு உயில் எழுதியிருந்தால் கதை வேறு.

பங்கை விட்டுக்கொடுக்க உங்களுக்கே மனசு வந்தால் கொடுங்கள், அது உங்கள் விருப்பம். ஆனால் பத்திரத்தின் நகலை முந்தின நாளே வாங்கி, வீட்டுக்குத் தெரிந்த வக்கீல் அல்லாத வேறொரு வக்கீலிடம் படிக்கக் கொடுங்கள். கிராமமும் சர்வே எண்ணும் தெரிந்தால் பதிவுத்துறை இணையதளத்தில் வில்லங்கத்தை, அதாவது அந்தச் சொத்தின்மேல் பதிவான பத்திரங்களின் பட்டியலை, காசில்லாமல் பார்க்கலாம். உங்களுக்குச் சொல்லாமல் ஏற்கெனவே ஏதாவது பதிவாகியிருக்கிறதா என்று அதிலேயே தெரிந்துவிடும்.