டிக், டிக், டிக்: நேரலை ஒலியில் கிளாக் இணைக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

திருவொற்றியூரில் ஒரு மண்டபத்திலிருந்து நாகஸ்வரக் கச்சேரியை நேரலையாக அனுப்பிக்கொண்டிருந்தோம். தவில் முழங்கியவரை குறையொன்றும் தெரியவில்லை. தவில் ஓய்ந்து, நாகஸ்வரம் மட்டும் ஒரே சுரத்தில் நீண்டு நின்றபோது ஹெட்ஃபோனில் ‘டிக்’ என்று கேட்டது. இரண்டு நொடி கழித்து மறுபடியும் ‘டிக்’. மைக்கை மாற்றினோம், கேபிளை மாற்றினோம், ஜெனரேட்டர்காரரிடம் சண்டைக்கே போய்விட்டோம். கடைசியில் பார்த்தால், மிக்ஸர் தன் கிளாக்கில் ஓடுகிறது. அதிலிருந்து டிஜிட்டல் ஒலியை வாங்கும் கருவி வேறொரு கிளாக்கில் ஓடுகிறது.

ஒளிபரப்பில் ஒலியை நொடிக்கு 48,000 சாம்பிள்களாக, அதாவது சின்னச் சின்ன அளவீடுகளாக, எடுக்கிறோம். இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு சின்னப் படிகம் எண்ணித் தருகிறது. அதன் துடிப்பைத்தான் கிளாக் என்கிறோம். எந்த இரண்டு படிகமும் அச்சு அசலாக ஒரே வேகத்தில் துடிப்பதில்லை. பத்து லட்சத்துக்குப் பத்து என்ற அளவில் வித்தியாசம் இருந்தாலே போதும், ஏறக்குறைய இரண்டு நொடிக்கு ஒரு சாம்பிள் மிஞ்சும் அல்லது குறையும். வாங்கும் கருவி அதை விழுங்கும், இல்லையென்றால் ஒன்றை இரண்டு முறை சொல்லும். நாங்கள் கேட்ட டிக் அதுதான்.

ஆகவே முதல் தவறு, எல்லாக் கருவிகளையும் ‘இன்டர்னல்’ என்ற, தன் சொந்தக் கிளாக்கிலேயே ஓடும் அமைப்பில் விட்டுவிடுவது. குப்பத்தில் படகைக் கரையேற்றும்போது குரல் கொடுப்பவர் ஒருவர்தான். அந்தக் குரலுக்கு மற்றவர்கள் இழுப்பார்கள். இங்கும் அப்படித்தான். எது மாஸ்டர் என்று முதலில் முடிவு செய்து, மற்ற எல்லாவற்றையும் அதைப் பின்தொடர வையுங்கள். கருவியில் பச்சை விளக்கு எரிகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். ஏதோ ஒரு கிளாக்கைப் பிடித்திருக்கிறது என்று மட்டும்தான் அது சொல்லும், எந்தக் கிளாக் என்று சொல்லாது. மிக்ஸர் ரெக்கார்டரைப் பின்தொடர, ரெக்கார்டர் மிக்ஸரைப் பின்தொடர, இரண்டிலும் பச்சை எரிந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

அதிகம் பேர் சறுக்குவது கேபிளில்தான். மாஸ்டரின் துடிப்பை மற்றக் கருவிகளுக்குக் கொண்டுபோகும் சிக்னலான வேர்டு கிளாக் 75 ஓம் கேபிளில் போக வேண்டும். ஆர்ஜி 59 அதற்கு ஏற்றது. ஆர்ஜி 58 பார்வைக்கு அதைப் போலவே இருக்கும், ஆனால் அது 50 ஓம். இரண்டிலும் பிஎன்சி முனை வரும், இரண்டும் கருவியில் கச்சிதமாகப் பொருந்தும். ரிச்சி தெருவில் வாங்கும்போது கேபிளின் உறையில் அச்சிட்டிருப்பதைப் படித்துப் பார்த்து வாங்குங்கள். அடுத்தது டெர்மினேஷன், அதாவது கேபிளின் முனையில் துடிப்பை வாங்கிக்கொள்ளும் மின்தடை. ‘டி’ வடிவ இணைப்பான் போட்டு நான்கு கருவிகளைச் சங்கிலியாக இணைத்தால், கடைசிக் கருவியில் மட்டும் 75 ஓம் டெர்மினேஷன் இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் துடிப்பு முனையில் மோதித் திரும்பி வந்து அடுத்த துடிப்பைக் கலைக்கும். இரண்டு இடத்தில் இருந்தாலோ துடிப்பின் அளவு இறங்கிவிடும். சில கருவிகளுக்குள் டெர்மினேஷன் எப்போதும் இருக்கும், சிலவற்றில் சுவிட்ச் இருக்கும். கையேட்டைப் பார்க்காமல் ஊகிக்காதீர்கள். கருவிகள் ஐந்தாறு என்று ஆகிவிட்டால், சங்கிலியை விட்டுவிட்டு, கிளாக்கைப் பல கிளைகளாகப் பிரித்துத் தரும் ஒரு பெட்டியை வாங்கிவிடுவதே நல்லது.

செல்போனும் வெளியூர் லைனும் உங்கள் கிளாக்குக்குக் கட்டுப்படாது. அவற்றை, வரும் ஒலியை நம் கிளாக்கின் வேகத்துக்கு மாற்றித் தரும் சாம்பிள் ரேட் கன்வெர்ட்டர் வழியாகத்தான் உள்ளே விட வேண்டும். 44.1 கிலோஹெர்ட்ஸில் பதிவான பாட்டை மாற்றாமல் 48-இல் ஓட்டிவிடுவது இன்னொரு தவறு: இரண்டு கட்டையில் வாசித்தது ஏறக்குறைய இரண்டே முக்கால் கட்டையில், வேகமும் கூடிக் கேட்கும்.

படமும் சேர்ந்தால் கணக்கு கூடும். நம் நாட்டில் நொடிக்கு 25 ஃபிரேம். ஒரு ஃபிரேமுக்குச் சரியாக 1,920 சாம்பிள். படத்துக்கென்று, கேமராக்களை ஒரே தாளத்தில் ஓட்டும் சிங்க் ஜெனரேட்டர் இருந்தால் ஒலியின் கிளாக்கையும் அதிலிருந்தே எடுங்கள். இரண்டும் தனித்தனியாக ஓடி, பத்து லட்சத்துக்கு இருபது என்று விலகினால், மூன்று மணி நேரத்தில் ஐந்து ஃபிரேம் தள்ளிப்போயிருக்கும். வாயசைவு தனியே, குரல் தனியே ஆகிவிடும்.

நெட்வொர்க்கில் ஒலி அனுப்புகிறவர்கள் சுவிட்சில் மின்சிக்கன வசதியை அணைத்துவிடுங்கள். அது நேரத் தகவலைத் தாமதப்படுத்தும். எந்தக் கருவி தலைமை கிளாக் என்பதையும் நீங்களே குறித்துக் கொடுங்கள். தானாகத் தேர்ந்துகொள்ளட்டும் என்று விட்டால், நிகழ்ச்சி நடுவில் யாராவது பிடுங்கிவிடக்கூடிய பெட்டியே தலைமையாகி உட்கார்ந்துவிடலாம். தலைமைக் கருவிக்கு யுபிஎஸ் கட்டாயம். மின்சாரம் போய் அது ஒரு கணம் அணைந்தாலும், பின்தொடரும் கருவிகள் எல்லாம் தடுமாறும்.

இப்போதெல்லாம் கலைஞர்கள் வருவதற்கு முன்பே, 1,000 ஹெர்ட்ஸ் ஒலியைப் பத்து நிமிடம் ஓடவிட்டு, கடைசிக் கருவியின் வெளியீட்டில் ஹெட்ஃபோனை மாட்டிக் கேட்கிறோம். டிக் விழுந்தால் கையில் கடிகாரத்தை வைத்துக்கொண்டு இடைவெளியைக் குறிக்கிறோம். இரண்டு நொடிக்கு ஒன்று என்றால் பத்து லட்சத்துக்குப் பத்து. இருபது நொடிக்கு ஒன்று என்றால் பத்து லட்சத்துக்கு ஒன்று. சீரான இடைவெளியில் விழுந்தால் கிளாக் அமைப்பைத் திறக்கிறோம். தாறுமாறாக விழுந்தால் கேபிளையும் டெர்மினேஷனையும் பார்க்கப் போகிறோம்.