மார்ஜரின் டப்பாவில் ஒரு பனியாறு

"தாத்தா, ஐஸ் எப்படி மலையை வெட்டும்? கையில எடுத்தாலே கரைஞ்சிடுதே!" என்றாள் பேத்தி, புவியியல் புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு. சுங்கை சிப்புட் பக்கத்தில் ஒரு செம்பனைத் தோட்டத்தில் 26 வருடம் புல்டோசர் ஓட்டியவன் நான். மண் எப்படி நகரும் என்பது எனக்குத் தெரிந்த விஷயம். அதனால் வீட்டு வாசலில் இருக்கும் அஞ்சடியிலேயே அவளுக்குச் செய்து காட்டினேன்.

முதல் நாள் இரவு மூன்று மார்ஜரின் டப்பாக்களை ஐஸ் பெட்டியில் வையுங்கள். ஒன்றில் வெறும் தண்ணீர். மற்ற இரண்டில் ஒரு விரல் கனத்துக்குக் கரடு மணல், பட்டாணி அளவில் கொஞ்சம் கல், அதற்கு மேல் தண்ணீர்.

காலையில் துணி துவைக்கும் கட்டி சவர்க்காரம் ஒன்றை எடுத்து, வெறும் ஐஸை அதன் மேல் தேய்க்கச் சொல்லுங்கள். வழுக்கும், அவ்வளவுதான். அடுத்தது மணல் ஐஸ். டப்பாவிலிருந்து கவிழ்த்தவுடன் தேய்க்கக் கூடாது. இரண்டு நிமிடம் விட்டால் மேல்தோல் கரைந்து மணல் முனைகள் வெளியே வரும். இப்போது ஒரே திசையில் அழுத்தி இழுத்தால் சவர்க்காரத்தில் நேர் நேராகக் கோடு விழும். விரலை வைத்தால் பள்ளம் தெரியும். பனியாறு, அதாவது மலையில் மெதுவாக நகரும் ஐஸ், போன மலைப்பாறைகளிலும் இதே மாதிரிக் கோடுகள்தான் இருக்கும். அது எந்தப் பக்கமாக நகர்ந்தது என்று அவற்றை வைத்தே சொல்லலாம். பாறையை அறுப்பது ஐஸ் பிடித்திருக்கும் கல். அந்தக் கல்லும் பாறை வெடிப்புகளில் உறைந்த ஐஸ் பிய்த்து எடுத்ததுதான். பேத்தி கேட்டதற்குப் பதில் இதுதான், இங்கே அவசரப்படாதீர்கள்.

அப்புறம் ஒரு பெரிய தட்டில் ஈர மணலைச் சரிவாகத் தட்டி வைத்து, மேலிருந்து மெதுவாகத் தண்ணீர் ஊற்றுங்கள். ஆறு வெட்டுவதுபோல அடி குறுகிய பள்ளம் விழும். மீதமிருக்கும் மணல் ஐஸை அதே பள்ளத்தில் அழுத்தித் தள்ளுங்கள். அடி அகலமாகி, இரண்டு பக்கமும் சுவர்போல நிற்கும். அமெரிக்காவின் யோசெமிட்டி பள்ளத்தாக்கு இந்த வடிவம்தான். நாம் கையால் தள்ளுகிறோம். நிஜத்தில் வருடக்கணக்காக விழுந்த பனி அமுங்கி ஐஸாகி, தன் எடையாலேயே நகர்கிறது.

ஐஸைச் சரிவின் அடியில் அப்படியே வெயிலில் விடுங்கள். கரைந்ததும் அது சுமந்து வந்த கல்லும் மணலும் ஒரு குவியலாக மிஞ்சும். பனிப்படிவு மேடு என்பது இதுதான். புல்டோசர் முன்னால் மண் குவிவதுபோல என்றுதான் நான் முதலில் நினைத்தேன். கொஞ்சம் அப்படியும் நடக்கும். ஆனால் செம்பனை ஆலை கன்வேயர் பெல்ட்தான் இதற்குச் சரியான உவமை. பெல்ட்டின் முனை ஒரே இடத்தில்தான் நிற்கிறது, குலைகள் வந்து விழுந்துகொண்டே இருக்கின்றன. பனியாற்றின் முனையும் கரைந்து கரைந்து ஒரே இடத்தில் நிற்கலாம். பின்னாலிருந்து ஐஸ் வந்துகொண்டே இருப்பதால் மேடு உயரும்.

வெறும் ஐஸ் மிச்சமிருந்தால் ஒரு துண்டை மணலில் புதைத்து மூடிவிடுங்கள். நம் வெயிலுக்குச் சீக்கிரமே அந்த இடம் குழியாக இறங்கிவிடும். பனியாறு விட்டுப்போன கட்டிகள் இப்படிப் புதைந்து கரைந்த குழிகள், பிறகு தண்ணீர் நிறைந்து ஏரிகளாகியிருக்கின்றன.

இதெல்லாம் வெளிநாட்டுச் சங்கதி என்று பிள்ளை நினைத்தால் நம் மலேசியாவின் சபா மாநிலத்தில் இருக்கும் கினபாலு மலையின் படத்தைக் காட்டுங்கள். 4,095 மீட்டர் உயரம். கடைசிப் பனியுகத்தில் அதன் தலையை ஐஸ் மூடியிருந்தது. படத்தில் மேலே வழவழப்பான கருங்கல் பரப்பும், அதிலிருந்து பல்போல நீட்டி நிற்கும் கூர் முனைகளும் தெரியும். ஐஸ் எது வரைக்கும் இருந்திருக்கும் என்று பிள்ளையையே விரல் வைத்துக் காட்டச் சொல்லுங்கள்.