கான்ட்ராக்டர் வரவில்லையா? போனை வைத்துவிட்டு நோட்டை எடுங்கள்

வீட்டு வேலையைப் பாதியில் போட்டுவிட்டு கான்ட்ராக்டர் போனையே எடுக்கமாட்டேங்கிறார் என்று யார் வந்து புலம்பினாலும் நான் ஒரே கேள்விதான் கேட்பேன். இதுவரை எவ்வளவு பணம் போயிருக்கிறது, எவ்வளவு வேலை முடிந்திருக்கிறது? முதல் பாதிக்குப் பதில் சட்டென்று வரும். இரண்டாவதற்கு வராது.

நான் கான்ட்ராக்டர்களிடம் சைட் சூப்பர்வைசராக இருந்து பில் போட்டவன். அந்தப் பக்கத்தில் நடப்பது இதுதான். சின்ன கான்ட்ராக்டருக்கு ஒரே சமயத்தில் நாலைந்து சைட் ஓடும். உங்கள் அட்வான்ஸ் இன்னொரு வீட்டின் டைல்ஸ் பாக்கிக்குப் போயிருக்கும். வாரக் கடைசியில் ஆட்களுக்குக் கூலி கொடுத்தாக வேண்டும். எந்த வீட்டில் வேலை முடிந்தால் அடுத்த தவணை கைக்கு வருமோ, அந்த வீட்டுக்குத்தான் திங்கட்கிழமை ஆள் போவார்கள். மொத்தமும் முன்கூட்டியே கொடுத்துவிட்ட வீட்டுக்கு அவர் ஆள் அனுப்ப ஒரு காரணமும் இல்லை. நல்ல மனுஷர்களும் இப்படித்தான் செய்கிறார்கள்.

அதனால் முதல் வேலை அளவெடுப்பது. டேப்பும் நோட்டுமாக அறை அறையாகப் போங்கள். பூச்சு, டைல்ஸ், பெயின்ட் எல்லாம் சதுர அடிக் கணக்கு. கதவு ஜன்னல் திறப்பு எப்படிக் கழிக்கப்படும் என்பது கொட்டேஷனில் இருக்கிறதா பாருங்கள். ஒயரிங் பாயிண்ட் கணக்கு. முடிந்தது, பாதி, தொடவே இல்லை என்று மூன்று பத்தி போதும்.

இந்த 'பாதி'யில்தான் எல்லோரும் ஏமாறுகிறார்கள். பாத்ரூமில் டைல்ஸ் ஒட்டியாகிவிட்டது, டைல்ஸ் இடுக்குகளை அடைக்கும் க்ரௌட் போடவில்லை, குழாய் மாட்டவில்லை, எக்ஸாஸ்ட் ஃபேனுக்கு ஓட்டை மட்டும் இருக்கிறது. பார்த்தால் முக்கால்வாசி முடிந்த மாதிரி இருக்கும். ஆனால் அந்த மீதிக்கு டைல்ஸ்காரர் ஒருமுறை, பிளம்பர் ஒருமுறை, எலக்ட்ரீஷியன் ஒருமுறை தனித்தனியாக வரவேண்டும். ஆளுக்கு அரை நாள் வேலைகூட இருக்காது. அரை நாள் வேலைக்கு யாரும் ஆசைப்பட்டு வரமாட்டார்கள். எனவே தவணை பேசும்போதே கடைசிக் கட்டத்துக்குக் கனமான தொகையை ஒதுக்குங்கள். பாதி தெரிந்தால் பாதிப் பணம் என்ற கணக்கு உங்களைக் கவிழ்த்துவிடும்.

நோட்டில் பணம் வேலையைத் தாண்டி ஓடியிருந்தால், அடுத்த ரூபாயை நிறுத்துங்கள். 'மெட்டீரியல் வாங்கணும், கொஞ்சம் கொடுங்க' என்பார். மெட்டீரியலை நானே வாங்கித் தருகிறேன், அதைப் பில்லில் கழித்துக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். கூலியையும் நேராக ஆட்களிடம் கொடுப்பதானால், அவர் ஒப்புக்கொண்டதாக எழுத்தில் வாங்கிக்கொண்ட பிறகே கொடுங்கள். இல்லாவிட்டால் 'அது நீங்களும் அவங்களும் பேசிக்கிட்டது' என்று கணக்கிலிருந்து நழுவிவிடும்.

போனில் பேசியதைக் கத்தலாக முடிக்காமல் அன்றைக்கே செய்தியாக அனுப்புங்கள். நான் எழுதிக்கொடுக்கிற மாதிரி இப்படி இருக்கும்:

'வணக்கம். இன்று பேசியபடி, மாடி பாத்ரூமில் க்ரௌட், குழாய் இணைப்பு இரண்டும் வெள்ளிக்கிழமைக்குள் முடித்துத் தருவதாகச் சொன்னீர்கள். முடிந்ததைப் பார்த்த அன்றே மூன்றாம் தவணை தருகிறேன். மாற்றம் இருந்தால் இன்றே தெரிவியுங்கள்.'

அவர் சொன்ன தேதி, அவர் எதிர்பார்க்கும் பணம், இரண்டும் ஒரே இடத்தில் இருக்கின்றன. பின்னால் பேச்சு முற்றினால் இதுவே ஆதாரம்.

'நாளைக்கு ஆள் வருவாங்க' என்றால் மூன்று கேள்வி போடுங்கள். யார் வருகிறார்கள்? என்ன வேலை? அதற்கான பொருள் சைட்டில் இருக்கிறதா? ஆள் பேர் சொல்லத் தடுமாறினால் நாளைக்கு லீவு போட்டுக் காத்திருக்காதீர்கள்.

அதே சமயம், ஆள் இல்லாத நாளெல்லாம் ஏமாற்று நாள் என்றும் நினைக்க வேண்டாம். சிமென்ட் பூச்சுக்கு ஒரு வாரமாவது ஈரம் காயாமல் தண்ணீர் அடிக்க வேண்டும். கான்கிரீட்டின் பலத்தைக் கணக்கிடுவதே 28 நாளில்தான். பூச்சு உள்வரை காயாமல் பெயின்ட் அடித்தால் கொப்புளித்து உரியும். இந்த நாட்களை விழுங்கிவிட்டு 'சீக்கிரம் முடிச்சுட்டேன் பாருங்க' என்கிறவரிடம்தான் எனக்கு அதிக பயம். கேட்க வேண்டியது, தண்ணீர் அடிப்பது யார் என்பதை.

நம்பகமில்லாதவரிடம் ரொம்பக் கவனம் வேண்டிய இடம், எதையாவது மூடும் நேரம். சுவரில் காடி வெட்டிப் பைப் போட்டதும் வாய்களை அடைத்து, பிரஷர் பம்ப் வைத்து, சில மணி நேரம் அதன் மீட்டர் முள் இறங்காமல் நிற்கிறதா என்று பார்த்த பிறகே பூசச் சொல்லுங்கள். பைப்பும் ஒயரும் போகிற தடத்தை, பக்கத்தில் டேப்பை நீட்டி வைத்துப் படம் எடுங்கள். பின்னால் ஆணி அடிக்கும்போது உங்களுக்கே உதவும். பாத்ரூம் தளத்தில் வாட்டர்ப்ரூஃபிங் காய்ந்ததும் வடிகாலை அடைத்து ஒரு நாள் முழுக்கத் தண்ணீர் கட்டி நிறுத்துங்கள், கீழ்க்கூரையில் ஈரம் வருகிறதா பாருங்கள். டைல்ஸ் ஒட்டிய பின் ஒரு வாளி ஊற்றினால் தண்ணீர் வடிகாலுக்கு ஓடும் வாட்டம் சரியா என்று தெரிந்துவிடும். நாணயத்தால் தட்டினால் உள்ளே கலவை இல்லாத டைல்ஸ் வெற்றொலி கொடுக்கும். ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் கரண்டைத் துண்டிக்கும் சுவிட்ச்) இருந்தால் டெஸ்ட் பட்டனை அழுத்தியதும் ஆஃப் ஆகி விழ வேண்டும். ஒவ்வொரு தவணையையும் இதில் ஒன்றோடு கட்டிவிடுங்கள்.

எக்ஸ்ட்ரா வேலைக்கு ஒரே விதிதான்: தொகையும் கூடுதல் நாளும் எழுதாமல் ஒரு செங்கல்லும் நகரக்கூடாது.

இத்தனைக்குப் பிறகும் சரிவரவில்லை, ஆளை மாற்றியே ஆக வேண்டும் என்றால், கூரை பிரிந்து கிடக்கும்போதோ தண்ணீர் இணைப்பு அறுபட்டிருக்கும்போதோ சண்டையை ஆரம்பிக்காதீர்கள். வீடு மூடுகிற நிலைக்கு வரட்டும். பிறகு கெடுத் தேதி போட்டு எழுத்தில் நோட்டீஸ் கொடுங்கள். கெடு தாண்டியதும், சம்பந்தமில்லாத ஒரு இன்ஜினீயரை வைத்து, முடிந்தால் கான்ட்ராக்டர் முன்னிலையிலேயே, முடிந்த வேலையை அளந்து, சைட்டில் கிடக்கும் பொருட்களைப் பட்டியலிட்டு இரண்டு பேரும் கையெழுத்துப் போடுங்கள். வர மறுத்தால் அதையும் அதிலேயே குறித்துவிடுங்கள். ஆட்களுக்குக் கூலி பாக்கி இருக்கிறதா என்று அப்போதே விசாரியுங்கள். பிறகு அவர்கள் வந்து நிற்பது உங்கள் வாசலில்தான்.

புதிதாக வருபவர் பழைய வேலையைப் பார்த்ததுமே உதட்டைப் பிதுக்குவார், கூடுதலாகக் கேட்பார். அதில் கொஞ்சம் நியாயமும் உண்டு. அடுத்தவர் போட்ட பைப்புக்கு இவர் எப்படிப் பொறுப்பேற்பார்? பிரஷர் டெஸ்ட்டை அவர் கண் முன்னால் இன்னொரு தடவை செய்து காட்டிவிட்டுத் தொகை பேசுங்கள். மொத்தத்தில் 5 முதல் 10 சதவீதத்தை, வேலை முடிந்த பிறகும் சில மாதம் கழித்தே தருவேன் என்று இவரிடம் முதல் நாளே எழுதி வாங்கிவிடுங்கள். அதைக் கேட்டு முகம் சுளிக்கிறாரா, சரி என்கிறாரா என்பதையும் கவனித்துக்கொள்ளுங்கள்.