கொழும்பில் ஒரு நாள் மிஞ்சினால், அம்மம்மாவோடு கொக்கலவுக்கு

தாயகம் வரும் குடும்பங்களுக்குக் கொழும்பு பெரும்பாலும் ஒரு தங்குமடம்தான். கட்டுநாயக்கவில் இறங்குவது, வெள்ளவத்தையில் ஒரு ஃபிளாட்டில் பெட்டிகளைப் போடுவது, காலி வீதியில் புடவைக் கடையும் நகைக் கடையுமாக ஏறி இறங்குவது, யாழ்ப்பாணத்துக்கோ மட்டக்களப்புக்கோ வான் வரும்வரை காத்திருப்பது. பெரியவர்களுக்கு இது பரவாயில்லை. பார்க்க ஆட்கள் இருக்கிறார்கள், கதைக்க ஊர்க்கதை இருக்கிறது. பிள்ளைகள்தான் ஏசி அறைக்குள் போனோடு கிடக்கிறார்கள். அந்த நாட்களில் ஒன்றை எடுத்து, தெற்கே கொக்கலவில் இருக்கும் மார்ட்டின் விக்ரமசிங்க நாட்டார் கலை அருங்காட்சியகத்துக்குக் குடும்பமாகப் போய்வாருங்கள் என்பது என் யோசனை. ஒரே ஒரு நிபந்தனை. ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவரைக் கட்டாயம் கூட்டிக்கொண்டு போக வேண்டும். அம்மம்மா, அப்பப்பா, பெரியப்பா, யாராக இருந்தாலும் சரி.

மார்ட்டின் விக்ரமசிங்க சிங்கள இலக்கியத்தின் பெரிய எழுத்தாளர். 1890இல் கொக்கலவில் பிறந்து 1976இல் மறைந்தார். அவர் பிறந்து வளர்ந்த வீட்டைச் சுற்றியுள்ள தோட்டத்தில் 1981இல் இந்த அருங்காட்சியகம் திறக்கப்பட்டது. வீட்டையும் பார்க்கலாம். அவருடைய நினைவிடமும் அதே வளவுக்குள் இருக்கிறது. அரண்மனைச் சாமான், தங்கக் கிரீடம் என்று எதையும் எதிர்பார்த்துப் போக வேண்டாம். கலப்பை, நுகம், மீன்பிடிச் சாமான்கள், மண்பாண்டங்கள், குசினிச் சாமான்கள், மாட்டு வண்டிகள், மேளங்கள், முகமூடிகள், பொம்மலாட்டப் பொம்மைகள் என்று தென்னிலங்கைக் கிராமத்துச் சனம் நாளாந்தம் புழங்கிய பொருட்கள்தான் இருக்கின்றன.

பெரியவர் ஏன் வேண்டும் என்பது உள்ளே போய்ப் பத்து நிமிடத்தில் விளங்கிவிடும். ரொறன்ரோவில் பிறந்த பிள்ளைக்கு உலக்கை ஒரு தடி, அவ்வளவுதான். அம்மம்மாவுக்கு அது அதிகாலையில் இரண்டு பேர் மாறிமாறி மாவிடித்த சத்தம். திருவலை, சுளகு, அம்மி, உரல் எல்லாவற்றுக்கும் அவரிடம் கதை இருக்கும். அதையெல்லாம் எந்த விளக்கப் பலகையிலும் எழுதி வைக்க முடியாது. இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். வீட்டில் “அந்தக் காலத்திலே” என்று தொடங்கினால் எழும்பிப் போகிற பிள்ளைகள், பொருளைக் கண்ணுக்கு முன்னால் வைத்துக்கொண்டு சொன்னால் நின்று கேட்கிறார்கள். போனை வெளியே எடுக்கச் சொல்லுங்கள், ஆனால் பெரியவர் கதைப்பதைப் பதிவு செய்வதற்கு. ஒவ்வொரு பொருளாக நின்று, “இது எங்கட வீட்டில் இருந்ததா? யார் பாவித்தார்கள்? இப்ப எங்கே?” என்று கேட்கவிடுங்கள்.

வடக்குக்கும் தெற்குக்கும் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே விலகுகிறது என்று பார்ப்பது தனிச் சுவை. வேலை ஒன்றுதான், அதற்கு எடுக்கிற மரம் வேறு. எங்களுக்குப் பனை கொடுத்ததைத் தெற்கில் தென்னையும் கித்துளும் புல்லும் கொடுத்திருக்கின்றன. அங்கே புல்லில் பின்னிய பாய், இங்கே பனையோலைப் பாய். அங்கே கித்துள் பாணியும் கித்துள் வெல்லமும், இங்கே பனங்கட்டி. கரையோரக் குடும்பத்துப் பெரியவர் என்றால் வள்ளங்களை விட்டு நகர மாட்டார். பக்கவாட்டில் மிதவை கட்டிய தென்பகுதி வள்ளத்தையும் தன் ஊர்க் கட்டுமரத்தையும் ஒப்பிட்டு ஒரு வகுப்பே எடுத்துவிடுவார். மாட்டு வண்டியைக் கண்டால் யாழ்ப்பாணத்து ஆண்கள் சவாரிக் கதைக்குப் போய்விடுவார்கள். அந்த நேரம் குறுக்கே பேசாதீர்கள், நடக்காத காரியம்.

எங்களிடம் இல்லாதது முகமூடி. பிள்ளைகளுக்கு அதிகம் பிடிப்பதும் அதுதான். கோலம் நாடகத்தில் அரசன், பொலிஸ்காரன், கிழவி என்று ஊர்ப் பாத்திரங்கள் வரும். சன்னிச் சடங்கு வேறு. அதில் பதினெட்டு வகை நோய்களுக்குப் பதினெட்டுப் பேய்கள். நோய்க்குரிய பேய் முகமூடியோடு வந்து ஆடி, பேசி, பகிடி விட்டு, கடைசியில் அடங்கிப் போகும். நோயாளிக்குப் பயத்தை விடச் சிரிப்புத்தான் கூட வரும் என்று நினைக்கிறேன். நாக முகமூடியும் கருட முகமூடியும் படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் எடுக்கலாமா என்று முதலில் கேளுங்கள். இந்த முகமூடிக் கலைக்கும் பொம்மலாட்டத்துக்கும் பேர்போன அம்பலாங்கொடை, கொழும்பிலிருந்து காலிக்குப் போகும் கரையோரப் பாதையிலேயே இருக்கிறது. இலங்கையின் நூல் பொம்மலாட்டத்தை யுனெஸ்கோ 2018இல் தன் மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. கூத்து தெரிந்த மட்டக்களப்புக்காரர் யாராவது உங்களோடு வந்தால் நல்ல வாக்குவாதத்துக்கு இடமுண்டு.

விக்ரமசிங்கவின் அந்த வீட்டுக்கு இன்னொரு கதையும் இருக்கிறது. இரண்டாம் உலகப்போரில் பிரிட்டிஷார் கொக்கலவில் விமானத் தளம் அமைத்தபோது ஊர்ச் சனத்தை எழுப்பினார்கள், வீடுகளை இடித்தார்கள். தப்பிய வீடு இது. கொக்கல வாவி, தண்ணீரில் இறங்கும் விமானங்களுக்குத் தளமானது. 1942 ஏப்ரல் 4ஆம் திகதி அங்கிருந்து கிளம்பிய கட்டலினா விமானத்தில் லெனார்ட் பர்ச்சால் என்ற கனேடிய விமானி ஜப்பானியக் கடற்படை வருவதைக் கண்டு செய்தி அனுப்பினார். மறுநாள், ஈஸ்டர் ஞாயிறு, கொழும்பில் குண்டு விழுந்தது. முன்னறிவிப்பு கிடைத்ததால் துறைமுகத்தில் நின்ற கப்பல்கள் பலவற்றை வெளியே அனுப்ப முடிந்திருந்தது. பர்ச்சாலின் விமானம் சுடப்பட்டு, அவர் போர் முடியும்வரை ஜப்பானியரிடம் கைதியாக இருந்தார். கனடாவிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு இதைச் சொல்ல மறக்க வேண்டாம், பாடசாலையில் போய்ச் சொல்ல ஒரு கதை கிடைக்கும். விமானத் தளத்துக்காக ஊர் எழும்பிப் போன கதையை, யாழ்ப்பாணத்துப் பலாலியைச் சுற்றியிருந்த ஊர்க்காரருக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அந்த இடத்தில் பெரியவர்கள் கொஞ்ச நேரம் பேசாமல் நிற்பதைக் கண்டிருக்கிறேன்.

போகும் வழி

கொழும்பிலிருந்து கொக்கல ஏறத்தாழ 130 கிலோமீற்றர். காலியைத் தாண்டி, உனவட்டுனவுக்கும் அகங்கமவுக்கும் இடையில். பெரியவர்களும் சின்னப்பிள்ளைகளும் சேர்ந்த கூட்டம் என்றால் வான்தான் வசதி. தெற்கு அதிவேகப் பாதையில் ஏறி, காலிப் பக்கம் போக பின்னதூவவில் இறங்கலாம். இரண்டரை மணித்தியாலம் வைத்துக்கொள்ளுங்கள். வெலிப்பென்னவில் சாப்பாட்டுக் கடைகளும் கழிப்பறைகளும் உண்டு, பெரியவர்கள் இருந்தால் அங்கே கட்டாயம் நிறுத்துங்கள். வானைப் பேசும்போதே அதிவேகப் பாதைக் கட்டணம், காத்திருக்கும் நேரம், சாரதியின் மதியச் சாப்பாடு எல்லாம் யார் கணக்கு என்று முடித்துவிடுங்கள். இரவில் வெள்ளவத்தைச் சந்தியில் நின்று கணக்குப் பார்ப்பது நல்லாயிராது. ஓட்டோவுக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அதிவேகப் பாதையில் இடமில்லை.

ஆட்கள் குறைவென்றால் ரயிலில் போங்கள். மாத்தறைப் பாதையில் கொக்கலவுக்கு நிலையம் இருக்கிறது, ஆனால் விரைவு ரயில் எல்லாம் அங்கே நிற்காது. காலியில் இறங்கி பஸ்ஸோ ஓட்டோவோ பிடிப்பது எளிது. போகும்போது வலப்பக்க யன்னல், அதுதான் கடல் பக்கம். ஹிக்கடுவைக்குச் சற்று முன்னால் பெரேலிய வரும். 2004 டிசம்பர் 26 சுனாமியில் ரயில் அடிபட்டு ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இறந்த இடம். முல்லைத்தீவிலும் மட்டக்களப்பிலும் அதே காலையில் சொந்தங்களை இழந்தவர்கள் எங்கள் குடும்பங்களிலும் உண்டு. பிள்ளைகள் கேட்டால் சொல்லுங்கள்.

ரிக்கெட்டும் மரியாதையும்

வெளிநாட்டவருக்கு ஒரு கட்டணம், உள்ளூர்வாசிக்கு ஒரு கட்டணம் என்பது இலங்கையில் பல இடங்களில் உள்ள நடைமுறை. மச்சானை முன்னால் விட்டு எல்லாருக்கும் உள்ளூர் ரிக்கெட் எடுக்கப் பார்ப்பது எங்கள் சனத்தின் பழைய விளையாட்டு. பிள்ளை வாய் திறந்து லண்டன் ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை சொன்னால் ஆட்டம் முடிந்தது. உங்கள் கட்டணத்தைக் கொடுத்துவிட்டு நிம்மதியாகப் போங்கள். இரட்டைக் குடியுரிமைக்காரர் தேசிய அடையாள அட்டையைக் கையில் வைத்திருந்தால் போதும். மற்றவர்கள் கடவுச்சீட்டின் படம் ஒன்றைப் போனில் வைத்திருங்கள்.

புத்தர் சிலைக்கு முதுகைக் காட்டிப் படம் எடுக்க வேண்டாம். கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்தால் மூடிக்கொள்ளுங்கள், அதற்காக ஆட்களைத் திருப்பி அனுப்பிய சம்பவங்கள் நடந்திருக்கின்றன. வளவு முழுக்க மரநிழல். அது சுகம்தான், ஆனால் நிழலோடு நுளம்பும் வரும். பூசுகிற மருந்தை வானிலேயே பூசிவிடுங்கள். டெங்கை யாரும் ஊருக்குக் கொண்டுபோகத் தேவையில்லை.

போயா (பௌர்ணமி) நாட்களில் போகாமல் விட்டால் நல்லது. தெற்கில் அன்று வீதியெல்லாம் சனம், இறைச்சிக் கடையும் மூடியிருக்கும். சாதாரண நாளில்கூட வெள்ளைச் சீருடையில் பாடசாலைப் பிள்ளைகள் பஸ் பஸ்ஸாக வரக்கூடும். அதற்குப் பயந்து ஓட வேண்டாம். உங்கள் பிள்ளைகளும் அவர்களும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொள்வது அன்றைய நாளின் நல்ல பகுதியாக அமையலாம்.

நல்லூர்த் திருவிழாவுக்காக ஜூலை, ஓகஸ்ட்டில் வருபவர்கள் ஒன்றை மனதில் வையுங்கள். அது தென்மேற்குப் பருவக்காற்றுக் காலம். யாழ்ப்பாணத்தில் வெயில் எரிக்கும்போது காலிப் பக்கம் மழை கொட்டலாம், கடலும் கொந்தளிக்கும். குடை எடுங்கள், பிள்ளைகளைக் கடலில் இறக்காதீர்கள். டிசம்பர் முதல் மார்ச் வரை கடல் அமைதி.

சாப்பாடு

மச்சம் சாப்பிடுபவர்களுக்குக் கவலையில்லை. கொறுக்காய் போட்டு வற்றக் காய்ச்சிய தெற்கத்தி மீன் கறி, அம்புல் தியல், கட்டாயம் சாப்பிட வேண்டியது. சைவக்காரருக்குத்தான் சிக்கல். தெற்கில் சம்பலிலும் மரக்கறியிலும் மாசிக் கருவாடு தூளாகக் கலந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது. “உம்பலகட எபா” (மாசி வேண்டாம்) என்று சிங்களத்தில் முதலே சொல்லிவிடுங்கள். அதற்கும் நம்பிக்கை இல்லையென்றால் வெள்ளவத்தையில் காலையிலேயே புளிச்சாதமும் வடையும் பார்சல் கட்டிவிடுவதுதான் வழி. விரத நாளில் வரும் அம்மம்மாவுக்கு இதுதான் நிம்மதி. திரும்பும் வழியில் சட்டியில் எருமைத் தயிரும் போத்தலில் கித்துள் பாணியும் வாங்குங்கள். தயிரை அன்றே சாப்பிட்டுவிட வேண்டும்.

நேரம் மிஞ்சினால்

கொக்கல வாவியில் படகு ஓடலாம். அங்கே தீவொன்றில் கறுவாப் பட்டை உரிப்பதைச் செய்து காட்டுவார்கள். கரையில் கம்பத்தில் ஏறி இருந்து தூண்டில் போடுபவர்களைப் படம் எடுத்தால் காசு கேட்பார்கள், கேட்பது நியாயமும்கூட. தொகையை முதலே பேசுங்கள். காலிக் கோட்டையில் வெயில் தாழ்ந்த பிறகு மதில்மேல் நடக்கலாம். மூன்றையும் ஒரே நாளில் போட்டால் பெரியவர்கள் களைத்துப்போவார்கள். நான் என்றால் கோட்டையை மட்டும் எடுப்பேன்.

கொழும்பில் இன்னொரு அரை நாள் இருந்தால் தேசிய அருங்காட்சியகத்துக்கும் போய்விடுங்கள். ஆளுநர் வில்லியம் கிரெகரியின் காலத்தில், 1877இல் திறந்த கட்டடம். கண்டி அரசரின் சிம்மாசனமும் பொலனறுவையில் கிடைத்த சிவ வடிவ வெண்கலங்களும் அங்கே இருக்கின்றன. ஆனால் காலிப் பயணம் போய்வந்தவர்கள் முதலில் தேட வேண்டியது ஒரு கல்லை. 1409ஆம் ஆண்டுத் திகதியோடு சீனத் தளபதி செங் ஹே கொண்டுவந்த கல்வெட்டு அது. 1911இல் காலியில் கண்டெடுத்தார்கள். சீனம், தமிழ், பாரசீகம் என்று மூன்று மொழிகள். சீனப் பகுதி புத்தருக்கும், தமிழ்ப் பகுதி தேவேந்திரமுனையில் கோயில் கொண்டிருந்த தென்னாவரை நாயனாருக்கும் காணிக்கை சொல்கிறது. தேய்ந்த எழுத்து, கண்ணாடி போட்டாலும் கஷ்டம்தான். தமிழ் வகுப்புக்குப் போகிற பிள்ளையை ஒரு எழுத்தாவது கண்டுபிடிக்கச் சொல்லிப் பாருங்கள்.