வீட்டுக் கூட்டத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகம்

சபையார் சிலர் வாரந்தோறும் ஒரு வீட்டில் கூடி ஜெபித்து வேதம் படிக்கும் வீட்டுக் கூட்டத்தை நடத்தும் பொறுப்பைப் பாஸ்டர் என்னிடம் கொடுத்தபோது, எனக்குத் தெரிந்த ஒரே மாதிரி ஞாயிறு ஆராதனைதான். அதையே எங்கள் ஹாலுக்குள் கொண்டுவந்தேன். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, முன்னால் நின்று நாற்பது நிமிஷம் பேசினேன். எல்லாரும் தலையாட்டினார்கள், "ஆமென்" சொன்னார்கள், வீட்டுக்குப் போனார்கள். சில மாதம் கழித்து ஒரு சகோதரி வருவதை நிறுத்திவிட்டார். விசாரிக்கப் போனேன். அவர் கணவருக்கு வேலை போய் நாலு மாதம் ஆகியிருந்தது. அந்த நாலு மாதமும் வாரம் தவறாமல் என் எதிரே உட்கார்ந்திருந்தவர் அவர். நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர் சொல்ல இடமும் கொடுக்கவில்லை.

அதன்பிறகு 11 வருஷமாக நடத்துகிறேன். புதிதாகப் பொறுப்பெடுக்கும் தம்பி தங்கைகளுக்கு நான் சொல்லிக்கொடுப்பது இதுதான்.

முதலில் நாற்காலிகளை வட்டமாகப் போடுங்கள். நீங்களும் வட்டத்தில் ஓர் ஆளாக உட்காருங்கள். எட்டுப் பேர் இருந்தால் நல்லது, பன்னிரண்டு வரை சமாளிக்கலாம். அதைத் தாண்டினால் கூச்சப்படுகிறவர்கள் கூட்டத்தில் மறைந்துவிடுவார்கள். ஒன்றரை மணி நேரம் என்று சொன்னால் ஒன்றரை மணி நேரத்தில் முடியுங்கள். மறுநாள் காலையில் வேலைக்குப் போகிறவர் அடுத்த வாரமும் வர வேண்டுமே.

ஒரு பாட்டு, சின்ன ஜெபம். அடுத்ததாக வேதத்தைத் திறக்காதீர்கள், நோட்டுப் புத்தகத்தைத் திறங்கள். என்னிடம் இருப்பது சாதாரணக் கோடு போட்ட நோட்டு. இடது பக்கம் தேதி, பெயர், ஜெபக் குறிப்பு. வலது பக்கம் வெறுமையாக இருக்கும். போன வாரக் குறிப்புகளை ஒவ்வொன்றாக எடுத்து, "அது என்ன ஆச்சு?" என்று கேட்பேன். பதிலை வலது பக்கம் எழுதுவேன். இதை ஆரம்பித்த பிறகுதான் எங்கள் கூட்டம் மாறியது. தான் சொன்னதை ஒருவர் ஏழு நாள் ஞாபகம் வைத்திருந்தார் என்று தெரிந்தால், அடுத்த முறை மனுஷன் இன்னும் கொஞ்சம் உண்மையைச் சொல்கிறான்.

"குடும்பத்துக்காக ஜெபம் பண்ணுங்க" என்று சொன்னால் அப்படியே எழுதிக்கொள்ளாதீர்கள். "வீட்டில் யாருக்காக? இந்த வாரம் என்ன நடக்கணும்?" என்று மெதுவாகக் கேளுங்கள். "செவ்வாய்க்கிழமை இன்டர்வியூ" என்று வந்தால், செவ்வாய் சாயங்காலம் போன் செய்யுங்கள். அந்த இரண்டு நிமிஷப் போன், நான் பேசிய அத்தனை நாற்பது நிமிஷங்களையும்விட அதிக வேலை செய்திருக்கிறது.

1742-இல், மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லியின் ஆட்கள் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரில் ஆலயக் கடனை அடைக்க ஒரு வழி யோசித்தார்கள். பன்னிரண்டு பேருக்கு ஒருவர் என்று பொறுப்பாளரை வைத்து, ஆளுக்கு வாரம் ஒரு பென்னி வசூலிப்பது. வீடு வீடாகப் போன பொறுப்பாளர்கள் காசோடு மட்டும் திரும்பி வரவில்லை. இந்த வீட்டில் குடி, அந்த வீட்டில் சண்டை என்று செய்தியோடும் வந்தார்கள். ஆத்துமாக்களை விசாரிக்க இதுவே வழி என்று வெஸ்லி பிடித்துக்கொண்டார். அடுத்த வருஷம் எழுதின விதிகளில், பொறுப்பாளர் தன் ஆட்கள் ஒவ்வொருவரையும் வாரம் ஒரு முறையாவது பார்த்து, ஆத்துமா எப்படி இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும் என்றே வைத்தார். கடனுக்காகத் தொடங்கியது மேய்ப்பாக மாறியது, போய்ப் பார்த்ததால்.

வேதபாடத்துக்குப் பத்துப் பன்னிரண்டு வசனம் போதும். புதிய குழு என்றால் மாற்கு சுவிசேஷத்திலிருந்து தொடங்குங்கள். 16 அதிகாரம்தான், சம்பவங்கள் வேகமாக ஓடும். வட்டமாக ஆளுக்கொரு வசனம் வாசிக்கச் சொல்லாதீர்கள். வாசிக்கத் தடுமாறுகிற ஒருவர் தன் முறை எப்போது வரும் என்று வியர்த்துக்கொண்டிருப்பார். ஒரு வசனமும் அவர் காதில் விழாது. விரும்புகிறவர் வாசிக்கட்டும்.

கேள்வி மூன்றுக்கு மேல் வேண்டாம். வசனத்தைப் பார்த்துச் சொல்லிவிடக்கூடிய பதில் உள்ள கேள்வி பரீட்சைக்குத்தான் ஆகும். கூட்டம் அதட்டியும் விடாமல் இயேசுவைக் கூப்பிட்ட குருடன் பர்திமேயுவைப் படித்த அன்று நான் கேட்டது: "அவன் குருடன், அவனுக்குப் பார்வைதான் வேண்டும் என்று யாருக்கும் தெரியும். அப்புறம் ஏன் இயேசு 'உனக்கு என்ன செய்யணும்' என்று கேட்டார்?" யாரும் பேசவில்லை. பழைய நான் என்றால் உடனே பதிலையும் சொல்லியிருப்பேன். அன்றைக்கு மனதுக்குள் ஒன்று, இரண்டு என்று எண்ணினேன். பதினெட்டு வரும்போது, இரண்டு வருஷமாக வாயே திறக்காத ஒரு பெரியவர் தரையைப் பார்த்தபடி சொன்னார்: "அவனை இதுவரைக்கும் எல்லாரும் 'சும்மா இரு'ன்னுதானே சொன்னாங்க. என்னையும் யாரும் கேட்டதில்ல." அதற்கு மேல் பாடம் நடத்த எனக்கு ஒன்றும் இல்லை. மீதி நேரம் முழுவதும் அவர் பேசினார், நாங்கள் கேட்டோம்.

ஆகவே இருபது வரை எண்ணுங்கள். மௌனம் நடத்துகிறவருக்குத்தான் நீளமாகத் தெரியும்; மற்றவர்கள் யோசித்துக்கொண்டிருக்கிறார்கள். எல்லாக் கேள்விக்கும் முந்திக்கொண்டு பேசுகிற ஒருவர் எந்தக் குழுவிலும் இருப்பார். அவரைச் சபையில் வைத்துத் தடுக்காமல், தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, மத்தவங்களைப் பேச வைக்க எனக்கு உதவி பண்ணுங்க" என்று கேளுங்கள். பெரும்பாலும் உதவுவார்கள்.

இனி, ரகசியம். ஒரு குழுவில் ஒரு தம்பி கண்ணீரோடு சொன்ன விஷயம், மூன்றே நாளில் "ஜெபக் குறிப்பு" என்ற பெயரில் வேறொரு வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டது. அனுப்பியவருக்குக் கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் அந்தத் தம்பி அதற்குப்பின் எந்தச் சபைக்கும் போனதாகத் தெரியவில்லை. எனக்கு இன்றும் அது ஆறாத புண். ஆகையால் புதிதாக ஒருவர் வரும் ஒவ்வொரு முறையும் எல்லார் முன்னாலும் சொல்லுங்கள்: இங்கே பேசுவது இங்கேயே இருக்கும், பாஸ்டரிடம் சொல்வதாக இருந்தாலும் உங்களைக் கேட்டுத்தான் சொல்வோம். விதிவிலக்கையும் அப்போதே சொல்லுங்கள். ஒரு குழந்தைக்கு ஆபத்து, ஒருவர் உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க மாட்டோம், உதவியைக் கூப்பிடுவோம். வீட்டில் அடி வாங்குகிற ஒரு பெண்ணிடம் "பொறுத்துக்கொள், ஜெபிப்போம்" என்று மட்டும் சொல்லி அனுப்புவது பாவம். அவர் பாதுகாப்பாக இருக்க வழி செய்துவிட்டு ஜெபியுங்கள். நோட்டிலும் இப்படிப்பட்டவற்றை எழுதாதீர்கள்.

சீஷத்துவம், அதாவது ஒருவரை இயேசுவின் வழியில் நடக்கப் பழக்குவது, என்றதும் பலர் பாடப் புத்தகம் தேடுகிறார்கள். கோடிட்ட இடங்களை நிரப்புகிற புத்தகங்களால் அறிவு வளரும். அதை நான் குறைவாகப் பேசவில்லை. ஆனால் மாற்கு 3:14-ஐப் பாருங்கள். பன்னிரண்டு சீஷரையும் பிரசங்கிக்க அனுப்புவதற்கு முன்னால், இயேசு "தம்மோடுகூட இருக்கவும்" என்றுதான் ஏற்படுத்தினார். கூட இருப்பதுதான் முதல் பாடம். வருஷத்துக்கு ஒருவரை, அதிகம் போனால் இருவரை எடுத்துக்கொள்ளுங்கள். பெண்ணைப் பெண்ணும் ஆணை ஆணும் நடத்துவது நல்லது. ஆஸ்பத்திரிக்கு ஒருவரைப் பார்க்கப் போனால் கூட்டிக்கொண்டு போங்கள். முதல் தடவை நீங்கள் ஜெபியுங்கள், அவர் நிற்கட்டும். அடுத்த தடவை அவர் ஜெபிக்கட்டும், நீங்கள் நில்லுங்கள். வெளியே வந்து நடக்கும்போது, "உனக்கு எப்படி இருந்தது?" என்று கேளுங்கள். நீங்கள் கோபப்பட்டதையும் மன்னிப்புக் கேட்டதையும் அவர் பார்க்கட்டும். ஆறு மாதத்துக்குள் ஒரு கூட்டத்தை அவரிடம் கொடுத்துவிடுங்கள். தடுமாறினால் இடையில் பிடுங்காதீர்கள்.

2 தீமோத்தேயு 2:2-இல் பவுல், தீமோத்தேயு, உண்மையுள்ள மனுஷர், அவர்கள் போதிக்கும் மற்றவர்கள் என்று நாலு தலைமுறை வருகிறது. அதனால் குழு பன்னிரண்டைத் தாண்டும்போது பிரிக்கத் தயங்காதீர்கள். பிரியும்போது அழுவார்கள், நாங்களும் அழுதோம். பாதிப் பேரை என்னோடு மூன்று வருஷம் நடந்த ஒரு தங்கை எடுத்துக்கொண்டாள். ஒரு புது நோட்டு வாங்கிக் கொடுத்தேன். முதல் கூட்டத்தன்று சாயங்காலம் பயந்துபோய், "யாருமே பேசலைன்னா என்னக்கா பண்றது?" என்று போன் செய்தாள்.

"இருபது வரைக்கும் எண்ணு" என்றேன்.

ராத்திரி ஒன்பதரைக்கு ஒரு மெசேஜ் வந்தது: "பதினாலுல பேசிட்டாங்கக்கா. நோட்டுல ஒரு பக்கம் ரொம்பிடுச்சு."