பாக்கெட்டைத் திருப்பிப் பாருங்க: லேபிள் படிக்க ஈஸியான வழி

ஹெல்தியா சாப்பிடணும்னு முடிவு பண்ண உடனே எல்லாரும் டயட் சார்ட் தேட ஆரம்பிச்சிடுறாங்க, அதை அப்புறம் பாத்துக்கலாம், இப்ப கிச்சன்ல இருக்குற ஒரு பாக்கெட்டை எடுங்க. பிஸ்கட், சாஸ், ஜூஸ், எதுவா இருந்தாலும் சரி.

ஸ்டெப் 1: முன்பக்கத்தைக் கண்டுக்காதீங்க

"நேச்சுரல்", "மல்டிகிரெய்ன்"னு கொட்டை எழுத்துல போட்டிருக்கும், அது விளம்பரம். மல்டிகிரெய்ன்னா உள்ள பல தானியம் இருக்குன்னு மட்டும்தான், தவிடு நீக்காத முழு தானியமான்னு அதை வச்சு சொல்ல முடியாது. நேரா பின்பக்கம் போங்க.

ஸ்டெப் 2: என்னென்ன சேர்த்திருக்காங்க

எடை எது அதிகமோ அதைத்தான் முதல்ல எழுதுவாங்க, குறைய குறைய கீழ போகும், அதனால முதல் மூணு பேரைப் படிச்சாலே பாக்கெட்டோட யோக்கியதை பாதி தெரிஞ்சிடும். ஆனா சர்க்கரை ஒரே பேர்ல வராது! சுக்ரோஸ், டெக்ஸ்ட்ரோஸ், குளுக்கோஸ் சிரப், பழச்சாறு கான்சன்ட்ரேட்னு பிரிச்சு பிரிச்சு போட்டா ஒவ்வொண்ணும் பட்டியல்ல கீழ இறங்கிடும், மொத்தமா கூட்டினா அதுவே முதல் இடத்துக்கு வந்துடலாம். "பகுதி ஹைட்ரஜனேற்றம் செய்த எண்ணெய்"னு இருந்தா நான் யோசிக்கவே மாட்டேன், திரும்ப ஷெல்ஃப்லயே வச்சிடுவேன், டிரான்ஸ் ஃபேட், அதாவது இதயத்துக்குக் கெடுதலான கொழுப்பு, வர்ற வழி அது.

ஸ்டெப் 3: சர்விங் கணக்கு

முக்கால்வாசி பேர் கோட்டை விடுறது இங்கதான். சர்விங்னா ஒரு தடவைக்குச் சாப்பிடுறதா கம்பெனி கணக்கு வைக்கிற அளவு. "ஒரு சர்விங்ல சர்க்கரை 9 கிராம்"னு இருக்கும், பரவாயில்லையேன்னு தோணும். பக்கத்துலயே சர்விங் 30 கிராம்னு பொடியா போட்டிருக்கும், பாக்கெட்டோ 150 கிராம். டிவி பாத்துக்கிட்டே முழுசையும் காலி பண்ணா 9 இல்ல, 45 கிராம். ஒரு டீஸ்பூன் சுமார் 4 கிராம்னு வச்சுக்கிட்டா 11 ஸ்பூனுக்கு மேல! உலக சுகாதார நிறுவனம் சொல்றது, 2000 கலோரி சாப்பிடுற ஒருத்தருக்கு சேர்க்கிற சர்க்கரை, தேன், சிரப், ஜூஸ்ல இருக்குற சர்க்கரை எல்லாம் சேர்த்து ஒரு நாளைக்கு 50 கிராமுக்குள்ள, முடிஞ்சா 25க்குள்ள. முழு பழத்துல இருக்குறது இந்தக் கணக்குல வராது, அதனால பழத்தைப் பாத்து பயப்படாதீங்க.

ரெண்டு பிராண்டை கம்பேர் பண்ணும்போது ஒரு சர்விங்குக்கான கணக்கை விட்டுட்டு 100 கிராமுக்கான கணக்கைப் பாருங்க, சர்விங் சைஸ் பிராண்டுக்கு பிராண்ட் மாறும்.

ஸ்டெப் 4: உப்பு

சில லேபிள்ல உப்புன்னு இருக்காது, சோடியம்னு மில்லிகிராம்ல இருக்கும். அதை 2.5 ஆல பெருக்கினா உப்பு. அதாவது 800 மில்லிகிராம் சோடியம்னா 2 கிராம் உப்பு, பெரியவங்களுக்கு ஒரு நாளைக்கே 5 கிராமுக்குள்ளதான் இருக்கணும். இனிப்பா இருக்குற ஐட்டத்துலயும் இது இருக்கும், நாக்குக்குத் தெரியாது, அதனால பிஸ்கட், பிரெட்லயும் இந்த வரியைப் பாருங்க.

கலோரியை நான் கடைசியாத்தான் பாப்பேன். ஒரே கலோரில நார்ச்சத்து உள்ளதும் கிடைக்கும், வெறும் மாவும் சர்க்கரையும் கிடைக்கும், முதல்ல சொன்னது வயித்துல கொஞ்ச நேரம் நிக்கும்.

எல்லா பொருளுக்கும் இதைப் பண்ண உக்காந்தா கடுப்பாகிடும். தினமும் வாங்குற ஒரு ஐட்டத்தை மட்டும் எடுத்து, அடுத்த தடவை கடைல அதையே வேற பிராண்டோட 100 கிராம் கணக்குல வச்சுப் பாருங்க, சர்க்கரையும் சோடியமும் எதுல கம்மியோ அதை எடுங்க.